அன்னா ஹம்மிங் பறவை என்னதான் சாப்பிடுகிறது?

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவில் பால்கனியில் சர்க்கரைத் தண்ணீர் ஃபீடர் தொங்கவிட்டிருக்கும் ஒருவர், அங்கே வந்து போவது அன்னா ஹம்மிங் பறவை என்று கண்டுபிடித்துவிட்டார். டிசம்பர் வந்தும் அது எங்கேயும் போகவில்லை. பூ குறைந்த குளிர்காலத்தில் அது எதைத் தின்று பிழைக்கிறது, தான் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் அதற்குப் போதுமா, வைப்பதால் கெடுதல் ஏதும் உண்டா என்று கேட்கிறார்.

போதாது, ஆனால் ஒழுங்காக வைத்தால் கெடுதலும் இல்லை. ஹம்மிங் பறவை என்றாலே தேன் குடிப்பது என்று மனதில் பதிந்துவிட்டதால் அதன் உணவில் பாதியை நாம் பார்ப்பதே இல்லை. பூந்தேனில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் தண்ணீரும்தான். பெட்ரோல் இருந்தால் வண்டி ஓடும். தேய்ந்த டயரை அது மாற்றித் தராது. இந்தப் பறவைக்குத் தசை, இறகு, முட்டை, குஞ்சு எல்லாம் பூச்சியிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். அன்னா ஹம்மிங் பறவை அலகு முனையிலிருந்து வால் வரை சுமார் 10 சென்டிமீட்டர். எடை நாலு, நாலரை கிராம். முதுகு மினுங்கும் பச்சை, வயிறு சாம்பல். ஆணுக்குத் தலையும் தொண்டையும் அடர்ந்த ரோஸ் நிறம். அது சாயம் அல்ல. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய தட்டுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் நிறம். அதனால்தான் பறவை பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும்போது தலை வெறும் கறுப்பாகத் தெரிகிறது. நம் பக்கம் லேசாகத் திரும்பினால் போதும், முகம் முழுக்க ரோஸ் குப்பென்று பற்றிக்கொள்ளும். பெண்ணுக்குத் தொண்டையில் சின்னதாக ஒரு சிவப்புத் திட்டு இருக்கும், அவ்வளவுதான். பெயர் வந்தது ஒரு பிரெஞ்சுப் பெண்மணியால்: ரிவோலி பிரபுவின் மனைவி அன்னா மசேனா. 1829-இல் ரெனே லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்த இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஹம்மிங் பறவைகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் வாழ்கின்றன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பூவைச் சுற்றும் தேன்சிட்டுகள் வேறு குடும்பம். இரண்டுக்கும் தேன் குடிக்கும் வேலை ஒன்று, வம்சம் வேறு. ஹம்மிங் பறவைக்கு நெருங்கிய சொந்தம் உழவாரன் குருவிகள். அதையும் மனதில் வையுங்கள்: உழவாரன் முழுநேரப் பூச்சி வேட்டைக்காரன்.

அன்னா ஏன் குளிரிலும் போகாமல் இருக்கிறது? வட அமெரிக்காவில் கூடு கட்டும் மற்ற ஹம்மிங் பறவைகளில் பெரும்பாலானவை குளிர் வருவதற்குள் மெக்சிகோ பக்கம் கிளம்பிவிடும். அன்னா பொதுவாகக் கிளம்புவதில்லை. கொஞ்சம் மலை ஏறும், கொஞ்சம் இறங்கும், பூ இருக்கும் இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கூடு கட்டியது மெக்சிகோவின் வட பாஹா கலிஃபோர்னியாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வரைக்கும்தான். இன்று வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கிழக்கே அரிசோனாவிலும் ஆண்டு முழுக்க இருக்கிறது. வான்கூவர் நகரம் 2017-இல் இதையே தன் அதிகாரபூர்வப் பறவையாகத் தேர்ந்தெடுத்தது. இந்தப் பரவலுக்குக் காரணம் மனிதர்கள்தான். 1850-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ் மரங்கள் குளிர்காலத்திலும் பூக்கின்றன. வீட்டுத் தோட்டங்களில் நட்ட வெளிநாட்டுச் செடிகளும் அப்படித்தான். அப்புறம் ஃபீடர்கள். வீட்டில் ஃபீடர் வைத்திருக்கும் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் அனுப்பும் கணக்குகளை வைத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வடக்கே குளிரான இடங்களில் இந்தப் பறவை குடியேறியதற்கும் மனிதக் குடியிருப்புக்கும் ஃபீடருக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆக, உங்கள் பால்கனிக்கும் இந்தக் கதையில் ஒரு சின்னப் பங்கு உண்டு.

சரி, எரிபொருள் விஷயத்துக்கு வருவோம். பூவின் முன்னால் அசையாமல் நிற்கும்போது அன்னாவின் இறக்கை நொடிக்கு 40-க்கு மேல் அடிக்கிறது. இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கக் கூடியது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை உயரத்துக்கு ஏறி, பெண்ணுக்கு முன்னால் தலைகுப்புறப் பாய்ந்து, கடைசிக் கணத்தில் வளைந்து மேலே எழும். கிறிஸ்டோபர் கிளார்க் என்ற ஆய்வாளர் அதைப் படம் பிடித்து 2009-இல் வெளியிட்ட கணக்குப்படி, பாயும் வேகம் நொடிக்கு அதன் உடல் நீளத்தைப் போல் 385 மடங்கு. வளையும்போது அந்த நாலு கிராம் உடம்பு தாங்கும் விசை புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு. கீழே வளையும் இடத்தில் ‘டீக்’ என்று ஓர் ஒலி கேட்கும். அது தொண்டையிலிருந்து வருவதில்லை, விரித்த வாலின் ஓர இறகுகள் காற்றில் அதிர்வதால் வருவது.

இதற்கெல்லாம் சர்க்கரை தேவை, அதுவும் உடனுக்குடன். நாம் சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதி முதலில் சேமிப்புக்குப் போகும், பிறகுதான் செலவுக்கு வரும். ஹம்மிங் பறவை அப்படி இல்லை. கென்னத் வெல்ச், ரவுல் சுவாரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பறவை வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பனின் வகையை அளந்து பார்த்தார்கள். கரும்புச் சர்க்கரையின் கார்பன் ஒரு மாதிரி, பீட்ரூட் சர்க்கரையின் கார்பன் வேறு மாதிரி. ஒன்றைக் கொடுத்துப் பழக்கி மற்றதற்கு மாற்றினால், எரிவது பழைய சேமிப்பா புதிதாகக் குடித்ததா என்று மூச்சே சொல்லிவிடும். குடித்து அரை மணி, முக்கால் மணிக்குள் பறப்பதற்கான சக்தியில் பெரும்பகுதி இப்போது குடித்த சர்க்கரையிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது.

அதைக் குடிக்கும் நாக்கு தனிக் கதை. நுண்குழாயில் நீர் தானாக ஏறுவதைப் போல நாக்கின் பள்ளங்களில் பூந்தேன் ஏறுகிறது என்றுதான் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதிவந்தார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அலெஹாந்த்ரோ ரிக்கோ-கெவாராவும் மார்கரெட் ருபேகாவும் கண்ணாடிப் பூ செய்து அதிவேக கேமராவில் படம் பிடித்தபோது, நடப்பது அதுவல்ல என்று தெரிந்தது. நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இரண்டு கிளையின் ஓரத்திலும் மெல்லிய இழைகள் வரிசையாக இருக்கும். திரவத்துக்குள் போனதும் கிளைகள் விலகி, இழைகள் விரிகின்றன. நாக்கை இழுக்கும்போது இழைகள் சுருண்டு மூடி, உள்ளே இருக்கும் தேனைச் சிறைப்பிடிக்கின்றன. இது 2011-இல் வெளிவந்தது. 2015-இல் மேலும் ஒன்றைச் சொன்னார்கள்: நாக்கை வெளியே நீட்டும்போது அலகு முனை அதை அழுத்தித் தட்டையாக்கிவிடுகிறது. பூந்தேனைத் தொட்ட கணத்தில் அந்தத் தட்டையான பள்ளங்கள் மீண்டும் உப்பி விரிய, அந்த விரிவே தேனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நொடிக்குப் பத்துக்கு மேற்பட்ட தடவை இது நடக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஃபீடரில் எழும் ஒரு நீர்க்குமிழி மட்டும்.

இனிப்பு தெரிவதிலும் ஒரு விநோதம் இருக்கிறது. பறவைகளுக்கு இனிப்பை உணரும் வழக்கமான மரபணு ஒன்று முன்னோர் காலத்திலேயே தொலைந்துவிட்டது. ஹம்மிங் பறவையின் வம்சத்தில், இறைச்சிச் சுவையை உணர்வதற்கு இருந்த ஏற்பி மெல்ல மாறி சர்க்கரையை உணரும் வேலையை எடுத்துக்கொண்டது. மோட் பால்ட்வின் குழுவினர் 2014-இல் இதை வெளியிட்டார்கள். பூச்சி தின்ற முன்னோரின் நாக்கை வைத்தே பூவுக்குத் தாவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதனால் ஒரு நடைமுறை விளைவும் உண்டு: பல செயற்கை இனிப்பூட்டிகளை இந்தப் பறவைகள் சீந்துவதில்லை. சீந்தினாலும் ஆபத்துதான், அதில் எரிப்பதற்கு எதுவும் இல்லை.

ஃபீடரைக் கவனித்தவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பறவை சில நொடி குடிக்கும். பிறகு பக்கத்துக் கிளையில் போய் உட்கார்ந்து பல நிமிடம் சும்மா இருக்கும். ஓயாமல் பறக்கும் பறவை என்று பெயர் எடுத்திருந்தாலும் பகலில் அது அதிக நேரம் உட்கார்ந்துதான் இருக்கிறது. சோம்பேறித்தனம் இல்லை. தொண்டைக்குக் கீழே உள்ள பை நிரம்பிவிட்டது, அது குடலுக்குள் இறங்கினால்தான் அடுத்த தவணை குடிக்க முடியும். குடல் சர்க்கரையைக் கிட்டத்தட்ட மிச்சம் வைக்காமல் உறிஞ்சிவிடும். கூடவே வந்த தண்ணீர்தான் தொல்லை. ஒரு நாளில் தன் எடைக்கு மேலேயே தண்ணீர் உள்ளே போவதால் சிறுநீரகம் பகலெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பறவை பின்பக்கம் தெளிவான நீரைச் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சுவதைப் பார்த்துவிட்டு வயிற்றுப்போக்கு என்று பயப்படாதீர்கள். அது அதன் வழக்கம்.

இப்போது யாரும் கவனிக்காத பாதி உணவு. சிறு கொசு, கொசுவைவிடச் சின்ன ஈக்கள், பழ ஈ, அசுவினி, தத்துப்பூச்சி, குட்டிச் சிலந்தி, சிலந்தியின் முட்டை ஆகியவைதான் அன்னாவின் பட்டியல். வட அமெரிக்க ஹம்மிங் பறவைகளில் அன்னா பூச்சியை அதிகம் நாடுவது என்ற பெயரும் அதற்கு உண்டு. பிடிக்கும் விதம் ஒன்றல்ல. சாயங்கால வெயிலில் கொசுக் கூட்டம் ஒரே இடத்தில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்குமே, அதன் நடுவில் போய் நின்றுகொண்டு இங்கே ஒரு வெட்டு அங்கே ஒரு வெட்டு என்று ஒவ்வொன்றாக எடுக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் காற்றைக் குத்திக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரியும். பின்னால் வெயில் இருக்கும்படி நின்று பார்த்தால்தான் பூச்சி தெரியும். இலையின் அடிப்பக்கம், மரப்பட்டையின் இடுக்கு இவற்றையும் வரிசையாகத் தேடும். சிலந்தி வலையில் ஒட்டிக்கொண்ட பூச்சியையும் திருடும், அகப்பட்டால் சிலந்தியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். எப்போதாவது தானே வலையில் சிக்கிக்கொள்வதும் உண்டு.

ஊசி மாதிரி இருக்கும் அலகால் பறக்கும் பூச்சியை எப்படிப் பிடிக்க முடியும்? அலகு நுனியால் அது கவ்வுவதில்லை. ருபேகாவும் கிரிகர் யனேகாவும் 2004-இல் காட்டியபடி, வாயைத் திறக்கும்போது கீழ் அலகு நடுவில் 25 பாகை வரை கீழே வளைந்து கொடுக்கிறது. கூடவே அலகின் அடிப்பகுதி அகன்று, வாய் எதிர்பார்க்க முடியாத அளவுக்குப் பெரிதாகிறது. பூச்சி நேராக அந்தப் பெரிய வாயின் பின்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. வளையும் எலும்பில் சேர்ந்திருக்கும் விசை, வாயை மூடும்போது பட்டென்று விடுபடுவதால் மூடும் வேகமும் அதிகம்.

கூடு கட்டும் காலத்தில் பூச்சியின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். கலிஃபோர்னியாவில் அன்னா டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும். குளிர்கால மழையோடு ஃபியூஷியா பூ நெல்லி என்ற உள்ளூர்ப் புதரும் மன்சனிட்டா என்ற இன்னொரு புதரும் பூக்கும் காலம் அது. ஆண் கூட்டுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. செடிப் பஞ்சை சிலந்தி நூலால் இறுக்கி, வெளியே பாசிச்செதில் ஒட்டி, பெண் தனியாகவே கூட்டைக் கட்டுகிறது. இரண்டு முட்டை. பதினாறு நாள் அடைகாத்த பிறகு குஞ்சு பொரித்ததும் அதன் வேலை இரட்டிப்பாகிறது. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து, குஞ்சின் தொண்டைக்குள் தன் அலகை முழுசாக இறக்கி, வயிற்றில் சேர்த்து வந்த பூச்சிக் குழம்பைக் கொட்டும். பார்க்கிறவர்களுக்குக் குத்திக் கொன்றுவிடுமோ என்று நெஞ்சு பதறும். மிகச் சின்னதாகப் பிறந்த குஞ்சு மூன்று வாரம் சொச்சத்தில் பறக்கும் அளவுக்கு வளர்வது சர்க்கரையால் நடக்கிற காரியம் அல்ல.

இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். அகலவால் ஹம்மிங் பறவை என்ற இன்னொரு இனத்தில், அக்கம்பக்கத்தில் பூந்தேனே கிடைக்காத இடத்தில் ஒரு பெண் பறவை குறைந்தது இரண்டு வாரம் பூச்சியை மட்டுமே தின்று கூட்டைக் கவனித்துக்கொண்டதை ஆய்வாளர்கள் 1980-இல் பதிவு செய்தார்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீரில் அடைத்து வைத்த பறவையோ எடை குறைந்துகொண்டே போகும். கூட்டு நேரத்தில் பெண் பறவைகள் அணைந்த நெருப்பின் சாம்பலைக் கொத்துவதையும் மண்ணை நக்குவதையும் பலர் பார்த்திருக்கிறார்கள். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்துக்காக என்று கருதப்படுகிறது.

பூவும் இல்லை, ஃபீடரும் இல்லை என்றால் மரச்சாறு இருக்கிறது. சாறுறிஞ்சி மரங்கொத்திகள் பட்டையில் வரிசை வரிசையாகத் துளை போட்டு வைக்கும். பசிபிக் கரையில் செம்மார்புச் சாறுறிஞ்சிதான் இந்த வேலையைச் செய்கிறது. அந்தத் துளையில் ஊறும் இனிப்புச் சாற்றையும், அதற்கு வரும் பூச்சிகளையும் சேர்த்து ஹம்மிங் பறவை அனுபவிக்கும். உழைத்தது ஒருவர், உண்பது இன்னொருவர்.

குளிர்கால இரவுதான் அதற்குப் பெரிய கண்டம். இருட்டிய பிறகு விடியும் வரை எதுவும் சாப்பிட முடியாது. பகலில் எரிக்கும் வேகத்திலேயே எரித்தால் காலைக்குள் உயிர் போய்விடும். அதனால் மாலையில் வயிறு முட்டக் குடித்து, கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் டார்ப்பர் எனப்படும் ஒரு மந்தநிலைக்குள் போய்விடுகிறது. உடல் வெப்பம் 40 டிகிரிப் பக்கத்திலிருந்து மளமளவென்று இறங்கும், இதயத் துடிப்பும் மூச்சும் பெயரளவுக்கு மட்டும் நடக்கும். பெருவில் ஆண்டிஸ் மலையில் வாழும் கரும் உலோகவால் என்ற இனத்தில் உடல் வெப்பம் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை 2020-இல் வெளியிட்டார்கள். விடியலுக்கு முன் உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொள்ளும். அதிகாலையில் சிலுப்பிய இறகோடு கிளையில் கல்லாகச் சமைந்திருக்கும் பறவையைப் பார்த்தால் செத்துவிட்டது என்று எடுத்துத் தடவிக்கொடுக்க வேண்டாம். அப்படியே விட்டுவிடுங்கள், வெயில் ஏறும்போது கிளம்பிவிடும். எழுந்ததும் முதல் வாய் சீக்கிரம் கிடைப்பது முக்கியம் என்பதால், குளிர்காலத்தில் ஃபீடரை விடியலுக்கு முன்பே தயாராக வைப்பது உண்மையான உதவி.

இனி ஃபீடர். கலவை எளிது: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். ஹம்மிங் பறவை நாடும் பூக்கள் பலவற்றின் பூந்தேனும் கிட்டத்தட்ட இந்த அளவு இனிப்புதான். வேறு எதுவும் சேர்க்காதீர்கள். தேனீ சேர்த்த தேனைக் கலக்கினால் ‘இயற்கையானது’ என்று தோன்றும், ஆனால் நீர்த்த தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பழுப்புச் சர்க்கரையில் இருக்கும் இரும்பு இந்தப் பறவைகளின் உடலில் தேங்கிக் கேடு செய்யக் கூடியது. கடையில் சிவப்புச் சாயம் போட்டு விற்பதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபீடரின் மூடி சிவப்பாக இருந்தாலே பறவை கண்டுபிடித்துவிடும்.

சிவப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹம்மிங் பறவைக்குப் பிறவியிலேயே சிவப்பு மோகம் என்று சொல்வார்கள். உண்மையில் எந்த நிறத்தில் நல்ல தேன் கிடைக்கிறதோ அந்த நிறத்தைப் பழகிக்கொள்கிறது. சிவப்பு தேனீக்களின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. அதனால் சிவப்புப் பூவில் போட்டி குறைவு, தேன் மிச்சம் இருக்கும், பறவை அதைக் கற்றுக்கொள்கிறது. நிறத்தைவிட இடத்தைத்தான் அது நன்றாக நினைவில் வைக்கிறது. ரூஃபஸ் என்ற செம்பழுப்பு இனத்தை வைத்து 2006-இல் வெளியான சோதனையில் எட்டு செயற்கைப் பூக்களை வைத்து, சிலதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் மற்றதை இருபது நிமிடத்துக்கு ஒருமுறையும் நிரப்பினார்கள். எந்தப் பூ எப்போது நிரம்பும் என்று பறவை கணக்கு வைத்துக்கொண்டு அந்தந்த நேரத்துக்குப் போனது. நீங்கள் ஃபீடரைக் கழற்றிய பிறகும் அது தொங்கிய வெற்றிடத்தின் முன்னால் வந்து பறந்தபடி நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

சுத்தம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும், குளிரில் நாலைந்து நாளுக்கு ஒருமுறையும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, சுடுதண்ணீரும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர் கலங்கித் தெரிந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். குடிக்கும் துளைகளைச் சுற்றிக் கறுப்பு படிவதை விட்டால் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் நாமே ஊட்டுகிற மாதிரி ஆகிவிடும். கழுவ நேரம் இல்லாதவர்கள் ஃபீடர் வைக்காமல் செடி வைப்பதே மேல் என்பது என் கருத்து. வடக்கே உறைபனி வரும் இடங்களில் இந்தக் கலவையும் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே உறைந்துவிடும். இரண்டு ஃபீடரை மாற்றி மாற்றி வைப்பது, இரவில் உள்ளே எடுத்து வைப்பது, பக்கத்தில் சின்ன விளக்கு எரியவிடுவது என்று ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். கெட்டிப்படும் குளிரில் தொடர்ந்து வைத்துக்கொண்டிருந்துவிட்டு திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடாது.

ஒரே ஃபீடருக்கு ஒரே ஆண் காவல் நின்று மற்றவற்றைத் துரத்துவது சகஜம். பூத்த புதரையும் அது அப்படித்தான் சொந்தம் கொண்டாடும். இன்னொரு ஃபீடரை அதன் பார்வைக்கு மறைவான பக்கத்தில் தொங்கவிட்டால் அடிதடி குறையும். ஃபீடரில் பெரிய கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தால் தூக்கி வேறு செடியில் விடுங்கள். பூச்சிதானே என்று விட முடியாது. அது ஹம்மிங் பறவையைப் பிடித்துத் தின்பது அமெரிக்காவில் பலமுறை பதிவாகியிருக்கிறது.

ஃபீடர் வைத்தால் பறவை வலசை போக மறந்துவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. வலசை போகும் இனங்களைக் கிளப்புவது பகல் நேரத்தின் நீளம், உங்கள் சர்க்கரைத் தண்ணீர் அல்ல. அன்னா எப்படியும் போகாது. புளித்த நீரில் மயங்கி விழுமா என்றும் கேட்பார்கள். பெர்க்லியில் ராபர்ட் டட்லி குழுவினர் அன்னா ஆண்களுக்கே ஆல்கஹால் கலந்த சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள். 1 சதவீதம் வரை சாதாரண நீரைப் போலவே குடித்தன. 2 சதவீதம் ஆனதும் குடிக்கும் அளவு பாதியாகக் குறைந்தது. பூந்தேனிலேயே ஈஸ்ட் லேசாகப் புளிக்கவைப்பதால் கொஞ்சம் ஆல்கஹால் அதற்குப் புதிதல்ல போலிருக்கிறது.

கடைசியாக, உங்கள் ஃபீடரால் தர முடியாததைப் பற்றி. பால்கனிச் செடியில் அசுவினி வந்தால் மருந்து அடிக்காமல் விட்டு வையுங்கள், பறவை அதைப் பொறுக்கிக்கொள்ளும். சிலந்தி வலையையும் மூலையில் ஒன்றிரண்டு கலைக்காமல் விடுங்கள். தின்பதற்கும் ஆகும், கூடு கட்டும் நூலுக்கும் ஆகும். இடம் இருந்தால் தொட்டியில் மன்சனிட்டா, உள்ளூர் சேல்வியா இப்படிக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மாற்றி மாற்றிப் பூப்பதை வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால், பழைய வாழைப்பழத் தோலை ஒரு கம்பி வலைக் கூடையில் போட்டு ஃபீடரிலிருந்து நாலடி தள்ளித் தொங்கவிடுங்கள். வெயில் நாளாக இருந்தால் சீக்கிரமே பழ ஈக்கள் மொய்க்கத் தொடங்கும். எறும்பு ஏறாமல் கொக்கியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் கிண்ணத்தைக் கோத்துவிட்டால் போதும். தோல் காய்ந்ததும் புதிது மாற்ற வேண்டும்.